ஷெல் பட்ட மாதா

கிளடிஸின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு சுவர்தான். அதுவும் மெல்லிய சுவர். அவர் செபமாலை சொன்னால் எனக்குக் கேட்கும். நான் செய்தி பார்த்துக்கொண்டு அரசியல்வாதிகளைத் திட்டினால் அவருக்குக் கேட்கும். இப்படி ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு கனடாவின் ஸ்காபரோவில் வெகுகாலமாக வாழ்கிறோம். நான் சைவ சமயம், அதுவும் பெயரளவில். கோயிலுக்குப் போனால் அன்னதான வரிசையில்தான் எனக்குப் பக்தி வரும் என்று என் மனைவி புனிதவதி சொல்வார். ஆகவே இந்தக் கதையில் எந்தக் கடவுளுக்காகவும் நான் வக்காலத்து வாங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளடிஸ் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். எண்பதுகளின் கடைசியில் கணவர் செல்வரட்ணத்தோடு வந்து சேர்ந்தவர். செல்வரட்ணம் அதிகம் பேசமாட்டார். அவருடைய பங்கையும் சேர்த்து கிளடிஸ் பேசிவிடுவார். கிளடிஸ் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் பல வருடம் வேலைக்கு நின்றார். கை நோவு வந்தபிறகு அதை விட்டுவிட்டு, வயதானவர்களை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் வேலைக்குப் போனார். ஒரே மகள் ஸ்டெபனி. இங்கேயே பிறந்தவள். மாக்கஸ் என்ற நல்ல பையனைக் கட்டி விட்பியில் இருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் கிளடிஸ் இரண்டு விடயங்களுக்குப் பேர்போனவர். ஒன்று மீன். மற்றது மாதா.

மீனை முதலில் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் சீனர்களின் பெரிய சுப்பர்மாக்கெற்றுக்கு அவர் மீன் வாங்கப் போகிற அழகைப் பார்க்கவேண்டும். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கண்ணைப் பார்ப்பார். வயிற்றை விரலால் அமத்துவார். மகனுக்குப் பெண் பார்க்கப்போன தாய்கூட இவ்வளவு பார்த்திருக்கமாட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ரப்பர் அப்ரனும் முழங்கால்வரை சப்பாத்துமாக நின்று மீன் வெட்டுகிறவர் மிஸிஸ் சுவாங். சீனாவின் ஃபூஜியான் கடற்கரையில் ஒரு சிறு ஊர்க்காரி. முதல் நாள் கிளடிஸ் அறுக்குளா மீன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிட, மிஸிஸ் சுவாங் கத்தியை வைத்துவிட்டு உள்ளே போனாராம். திரும்பி வரும்போது கையில் ஒரு மீன். கிளடிஸ் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அன்றையிலிருந்து நல்ல மீன் கிளடிஸுக்கென்று உள்ளே ஒதுக்கிக் கிடக்கும். எங்கள் வீட்டுக் குழம்புக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் இந்த நட்பை நான் எப்போதும் ஆதரித்துவந்தேன்.

இருவரிடமும் சேர்த்து ஆங்கிலம் ஒரு கைப்பிடிதான் இருந்தது. அதை வைத்தே மீன், பிள்ளைகள், முழங்கால் நோவு எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். அவர்கள் பேசியதைத் தமிழில் எழுதும்போது கொஞ்சம் நிமிர்த்தி எழுதுகிறேன்.

இனி மாதா. பணக்காரர் வாழும் ரோஸ்டேலில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டியைக் கிளடிஸ் கடைசிவரை பார்த்தார். அவர் இறந்தபின், அம்மாவின் நினைவாக விருப்பமான ஒன்றை எடுத்துக்கொள் என்று மகன் சொன்னான். கிளடிஸ் கணப்படுப்புக்கு மேலே இருந்த சுருபத்தைக் கேட்டார். வெள்ளைப் பீங்கானில் ஒரு முழ உயரம். தலையைச் சற்றுக் குனிந்த ஒரு பெண், மடியில் ஒரு குழந்தை. மூதாட்டி அதை நகரத்துக்குள் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கியிருந்தார். கடைக்காரர் ஹொங்கொங்கிலிருந்து எடுப்பித்தது என்று சொல்லியிருந்தாராம். மூதாட்டி அதை ‘மடோனா’ என்பார். கிளடிஸுக்கு அது போதும்.

சுருபத்தின் பாதத்தடியிலிருந்து கைவரை ஒரு வெடிப்பு ஓடியது. அதை யாரோ சின்னச் சின்ன உலோகக் கொளுக்கிகளால் இணைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் போட்ட தையல் போல இருக்கும். அந்தத் தையலால்தான் எல்லாம் வந்தது.

ஏனென்றால் சுருபம் ஸ்காபரோவுக்கு வந்தது இலங்கையில் போர் முடிந்த வருடம். அந்த வருடம் எங்கள் ஆட்களுக்குக் காயம் என்றால் ஒன்றுதான். பாடகர் குழுவில் பாடும் மரியரட்ணம் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, “உது ஷெல் பட்ட காயமெல்லோ” என்று சொல்லிக் கண்கலங்கினார். அவ்வளவுதான். செய்தி பிக்கரிங் போவதற்குள் அது குண்டு விழுந்த ஒரு சிற்றாலயத்தில் தப்பிய மாதா ஆகிவிட்டது. விட்பி போவதற்குள், கன்னியாஸ்திரிகள் இரவிரவாகத் தைத்து, மீனவர்கள் வள்ளத்தில் ஏற்றி அனுப்பிய மாதா ஆகிவிட்டது. கிளடிஸ் இதில் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை.

நான் ஒருநாள் கேட்டேன். “கிளடிஸ், ரோஸ்டேலுக்கு எப்ப ஷெல் அடிச்சவங்கள்?”

“அண்ணை, சனம் கும்பிடுது. கும்பிடுற சனத்தைக் குழப்பக்கூடாது.”

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாதாவின் காது நீளமாக இருந்தது. தலையில் உச்சிக்கொண்டை இருந்தது. கீழே தாமரை இருந்தது. இதை நான் சொன்னபோது புனிதவதி என் தொடையில் கிள்ளினார். கிளடிஸ் அதற்கும் பதில் வைத்திருந்தார். “வேளாங்கண்ணியில மாதா சீலை கட்டியிருக்கிறா. லூர்துல வெள்ளைக்காரி மாதிரி நிக்கிறா. இவ கொண்டை போட்டா உங்களுக்கு என்ன?” எனக்கு ஒன்றுமில்லைத்தான். அவர் நீலப் பட்டில் ஒரு மேலாடை தைத்துப் போட்டுவிட்டார். அதன்பின் முகமும் குழந்தையும் மட்டுமே வெளியே தெரிந்தன.

ஒக்டோபர் செபமாலை மாதம். மாதா ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொரு வீடாகப் போவார். செபம், பாட்டு, பிறகு கடலையும் ரோல்ஸும் பிளேன்ரீயும். என்னுடைய வான் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் சுகம் என்று மாதாவைக் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சீற் பெல்ற் போட்டுத்தான் கொண்டுபோவேன். மடியிலிருந்த குழந்தையின் ஒரு பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வரும்போதே அது தேய்ந்து மழுங்கி இருந்தது. பிள்ளை இல்லாத பெண்கள் அதைத் தொட்டு முத்தமிட்டுக்கொள்வார்கள். பிக்கரிங்கில் ஒருத்திக்கு வெகுகாலம் கழித்துப் பிள்ளை கிடைத்தது. அதன்பின் கூட்டம் கேட்கவா வேண்டும்.

ஸ்டெபனிக்கு மட்டும் கிடைக்கவில்லை. மூன்று முறை வந்து மூன்று முறையும் தங்கவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு சுவருக்கு அப்பால் செபம் கேட்கவில்லை. கிளடிஸின் அழுகைதான் கேட்டது. நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். வேறு என்ன செய்ய?

போன வருடம் ஸ்டெபனி மறுபடி கர்ப்பமானாள். அவளும் மாக்கஸும் ஒரு கிளினிக்குக்குப் போய்வந்தது புனிதவதிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கிளடிஸுக்கும் தெரியும். ஆனால் கிளடிஸ் கிளினிக்கை ஒரு கருவியாகத்தான் வைத்துப் பேசினார். பிள்ளை மாதா தந்தது. பிள்ளை பிறக்கும்வரை மாதாவை வீட்டை விட்டு அசைப்பதில்லை, ஒவ்வொரு பின்னேரமும் மெழுகுதிரி ஏற்றுவது என்று நேர்த்தி வைத்தார்.

செப்டெம்பரில் மாதாவின் பிறந்தநாள் வரும். அதற்கு முதல் மேலாடையைக் கழற்றிச் சுருபத்தைக் கழுவுவது கிளடிஸின் வழக்கம். அன்றைக்குத்தான், திருநாள் சமையலுக்குச் சொல்லியிருந்த நண்டுப் பெட்டியை மிஸிஸ் சுவாங் வேலை முடிந்து போகிற வழியில் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டு மேசையில் மேலாடை இல்லாமல் சுருபம் இருந்தது. மிஸிஸ் சுவாங் பெட்டியைக் கீழே வைத்தார். மேசையைச் சுற்றிப் போய்த் தையலைப் பார்த்தார். பிறகு சமையலறை நிலத்தில் முழங்காலில் இருந்து நெற்றி தரையில் படக் கும்பிட்டார்.

கிளடிஸுக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. அன்று பின்னேரமே எங்கள் வாசலில் நின்றார். “புனிதம், சீனமனுசியை மாதா தொட்டிட்டா! நான் ஃபாதரோட கதைக்கப்போறன்.” ஞானஸ்நானத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட யோசித்துவைத்திருந்தார்.

மறுநாள் மிஸிஸ் சுவாங் ஒரு படத்தோடு வந்தார். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு சிறிய கோயில் வாசல். ஒரு பெண் கையில் கோயில் பூட்டின் பெரிய திறப்போடு நிற்கிறாள், பக்கத்தில் ஒரு சிறுமி. அவர்களுக்குப் பின்னால், பீடத்தில், எங்கள் மாதா. தையல் ஒவ்வொன்றும் அதே இடத்தில் இருந்தது. சிறுமி மிஸிஸ் சுவாங். திறப்போடு நின்றவர் அவருடைய தாய்.

மிஸிஸ் சுவாங் சொன்ன கதை இதுதான். அது குவான்யின், பிள்ளை தருகிற தெய்வம். பிள்ளை வேண்டுமென்று வருகிற பெண்கள் குழந்தையின் பாதத்தைத் தொட்டுத் தொட்டே அது தேய்ந்தது. அறுபதுகளில் கோயில்களை உடைத்த காலத்தில், கோயில் திறப்புக்காரியான தாய் சிலையைப் பன்றிக் கொட்டிலில் வைக்கோலுக்குள் ஒளித்துவைத்தார். அப்போது வெடித்தது. பிறகு பீங்கான் தைக்கிற ஒருவர் துளையிட்டுக் கொளுக்கி போட்டுக் கொடுத்தார். தொண்ணூறுகளில் ஒரு நாள் விடிந்தபோது கோயில் பூட்டு உடையாமல் திறந்து கிடந்தது. பீடம் வெறுமை. அவள்தான் விற்றாள் என்று பாதி ஊர் சொன்னது. அவள் திறப்பை யாருக்கோ கொடுத்தாள் என்று மீதி ஊர் சொன்னது. திறப்பை வாங்கிக்கொண்டார்கள். அவர் அந்த வாசற்படியை மிதிக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். படுக்கையில். அதிக நாள் இல்லை என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

“அம்மா கண் மூடுமுன் இது திரும்பிப் போகவேண்டும்” என்றார் மிஸிஸ் சுவாங்.

கிளடிஸ் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். உலகத்தில் ஒரேமாதிரி எத்தனையோ சுருபம் இருக்கும் என்றார். சொல்லும்போதே அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை மீன் கடையில் மிஸிஸ் சுவாங் மறுபடி கேட்டபோது, கிளடிஸ் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார். திறப்பு வைத்திருந்தவளுக்குத் தெரியாமலா களவு போகும் என்றார்.

கத்தி அப்படியே நின்றது. “எங்கள் ஊரும் அதைத்தான் கேட்டது” என்று சொல்லிவிட்டு மிஸிஸ் சுவாங் அடுத்தவருடைய மீனை எடுத்தார்.

அதற்குப்பின் கிளடிஸ் அந்தக் கடைக்குப் போவதில்லை. வேறு கடையில் வாங்கினார். அந்த மீனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சில கிழமைகள் மரக்கறிதான்.

ஸ்டெபனிக்கு விடயம் தெரிந்ததும் சுருபத்தைப் படமெடுத்துக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் வேலைசெய்யும் ஒருவரிடம் காட்டினாள். அந்த அம்மா பார்த்தவுடனேயே குவான்யின்தான் என்றார். அவர் சொன்ன இன்னொரு விடயம் எனக்குப் பிடித்தது. முந்திய காலத்தில் குவான்யின் மடியில் குழந்தை இல்லையாம். மேற்கிலிருந்து கப்பல்களில் வந்த மாதா சுருபங்களை ஃபூஜியான் கரையில் கைவினைஞர்கள் பார்த்திருக்கிறார்கள். அதன் சாயலில்தான் குழந்தை மடிக்கு வந்தது என்று சிலர் நினைக்கிறார்களாம். பிறகு மேற்கத்தையர் அதையே மடோனா என்று வாங்கிப்போய்க் கணப்படுப்புக்கு மேலே வைத்தார்கள். ஆக, மாதாவைப் பார்த்துச் சீனர்கள் செய்ததை மாதா என்று வெள்ளைக்காரர் வாங்க, அதை ஷெல் பட்ட மாதா என்று நாங்கள் கும்பிட்டிருக்கிறோம். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நடுவில் ஒருவன் களவெடுத்திருக்கிறான். அதில் சந்தேகமில்லை.

“அம்மா, சீரியஸ்லி, உது ஸ்டோலன்” என்றாள் ஸ்டெபனி. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. “பேபிக்கு நான் என்ன சொல்லுறது? களவெடுத்த சாமானுக்கு முன்னால பிரே பண்ணித்தான் நீ வந்தனி எண்டோ?”

“பிள்ளை பிறக்கட்டும். அதுக்குப் பிறகு குடுக்கிறன். இப்ப அசைச்சா எனக்குப் பயமாக் கிடக்கு.”

“அந்த லேடி அதுக்குள்ள செத்திடுவா, அம்மா.”

“மூண்டு தரம் பார்த்தவள் நானடி. எனக்கு ஏலாது.”

கிளடிஸ் பங்குத்தந்தையிடமும் போனார். நீங்கள் மன்றாடியது மாதாவிடம்தான், சுருபம் யாருடையதோ அவர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னார். நல்ல பதில்தான். ஆனால் பயத்துக்கு அது மருந்தில்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. பிள்ளை விடயத்தில் யாருக்கும் பயம் வந்தால் அது எந்த நியாயத்துக்கும் அசையாது.

நவம்பர் தொடக்கத்தில் மிஸிஸ் சுவாங் மறுபடி வாசலுக்கு வந்தார். கையில் மீனும் இல்லை, படமும் இல்லை. ஒரே ஒரு தடவை அம்மா ஃபோனில் பார்க்கட்டும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்றார். கிளடிஸால் அதற்கு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. துணைக்குப் புனிதவதியையும் என்னையும் கூப்பிட்டார். ஸ்டெபனியும் வந்திருந்தாள்.

கிளடிஸ் தன் கையாலேயே மேலாடையைக் கழற்றினார். ஃபோனில், தலையணையில் சாய்ந்த ஒரு சிறிய முகம். சிலையைப் பார்த்து அவர் அழவில்லை. திருப்பச் சொன்னார். தையல் பக்கம் வந்ததும் பல்லில்லாத வாயால் சிரித்தார். எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரி யாருக்கென்று கேட்டார். மிஸிஸ் சுவாங் ஃபோனை ஸ்டெபனியின் வயிற்றுப் பக்கம் திருப்பிக் கதையைச் சொன்னார். தாய் நீளமாக ஏதோ பேசினார். மிஸிஸ் சுவாங் அதை மொழிபெயர்க்காமல் நின்றார்.

“என்ன சொல்லுறா?” என்று கிளடிஸ் கேட்டார்.

“பிள்ளை பிறக்கும்வரை சிலையை அசைக்கவேண்டாமாம். தான் காத்திருப்பாராம்.”

சொல்லிவிட்டு மிஸிஸ் சுவாங் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காத்திருக்க அந்த மூதாட்டியிடம் காலம் இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

கிளடிஸ் கேட்டது கிடைத்துவிட்டது. இனி யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தேன். ஆனால் சுவருக்கு அப்பால் இரண்டு நாட்களாகச் செபமும் இல்லை, சட்டி பானைச் சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் கிளடிஸ் வந்தார். கண் வீங்கியிருந்தது.

“அண்ணை, அந்த மனுசியைக் கள்ளி எண்டு சொன்னது நான். அவ எனக்காகக் காத்திருக்கிறன் எண்டு சொல்லுறா. இனி நான் உந்தச் சுருபத்துக்கு முன்னால என்னெண்டு முழங்காலில நிக்கிறது? கொண்டுபோகட்டும்.”

“நேர்த்தி?” என்று புனிதவதி கேட்டார்.

“நேர்த்தி நான் வைச்சது. மாதா கேட்டு வைச்சதில்லை.”

வெளிநாட்டுக்கு அனுப்பும் அனுமதி வேலைகளை ஸ்டெபனி ஒரு லோயர் சிநேகிதியை வைத்துப் பார்த்தாள். கிளடிஸ் செய்யவேண்டியவை இரண்டு இருந்தன. சுருபம் தன் கைக்கு எப்படி வந்தது என்று ஃபூஜியான் ஊராருக்கு ஃபோனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பினார். வெள்ளைக்காரி, கடை, ஹொங்கொங், எல்லாம். கடைசியில், கேட்காமலேயே, “திறப்பு வைச்சிருந்த அம்மாவில பிழை இல்லை” என்று தமிழிலும் ஒருமுறை சொல்லிவைத்தார். அங்கே யாருக்கு விளங்கியிருக்கும்!

மற்றதுதான் கஷ்டமானது. செபமாலைக் கூட்டத்தை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஷெல்லும் இல்லை, வள்ளமும் இல்லை, இது சீனக் கோயிலொன்றில் களவு போனது என்று சொன்னார். மரியரட்ணத்துக்குக் கோபம் வந்தது. “அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் ஆரைக் கும்பிட்டனாங்கள்?”

“மாதாவைத்தான். சுருபம்தான் வேற ஆக்களின்ர.”

“தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீர்?”

“அது என்ர பிழை” என்றார் கிளடிஸ். அன்று ரோல்ஸ் நிறைய மிஞ்சியது. நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

விமான நிலையத்துக்குச் சுருபம் என் வான் வண்டியில்தான் போனது. கிளடிஸ் தன் கூறைச் சேலையால் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, மிஸிஸ் சுவாங்கின் மடியில் கொடுத்தார். இறங்கும்போது மிஸிஸ் சுவாங் அவருடைய கையைப் பிடித்தார். மீன் வெட்டி வெட்டிக் காய்த்த கை. கிளடிஸ் கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

ஒரு கிழமையில் வீடியோ வந்தது. வெடி, மேளம், ஊர் முழுவதும் தெருவில். சிலையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியபின், கதிரையில் தூக்கிவந்த மூதாட்டியின் கையில் ஒரு கிழவர் திறப்பை வைத்தார். வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். கிளடிஸ் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எங்களுக்கும் திரும்பத் திரும்பக் காட்டினார்.

டிசெம்பர் முதற்கிழமை ஸ்டெபனிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. நாள் இன்னும் எவ்வளவோ இருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது மாக்கஸ் உள்ளே. கிளடிஸும் செல்வரட்ணமும் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கிளடிஸின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. செபமாலைக் கூட்டத்துப் பெண்கள். ஆறுதல் சொல்வதுபோல் தொடங்கி, “நாங்கள் அப்பவே சொன்னனாங்கள், அசைச்சிருக்கக்கூடாது” என்று முடித்தார்கள். கிளடிஸ் எல்லோருக்கும் ஓம் ஓம் என்றார். கையில் செபமாலை இருந்தது. ஒரு மணியும் நகரவில்லை.

பிள்ளை பிழைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆட்களைப் பதைக்கவைத்துக் கதை சொல்கிற வழக்கம் எனக்கில்லை. மறுநாள் காலை, சின்னஞ்சிறிய பெண்பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் பல கிழமை இருந்து வீட்டுக்கு வந்தது. டொக்டர்மார் காப்பாற்றினார்கள் என்பதுதான் என் கட்சி. புனிதவதியின் கட்சி வேறு. ஆனால் அந்தப் பின்னேரம் வாங்கில் இருந்த எங்களில் யாருக்கும் இது தெரியாது.

செல்வரட்ணம்தான் பேசினார். அந்த மனிதர் வாய்திறந்து நான் கேட்டது அபூர்வம். “அனுப்பினது பிழையோ, கிளடிஸ்?”

“பிழையில்லை” என்றார் கிளடிஸ். பிறகு ஃபோனை எடுத்தார். நான் ஃபாதருக்கு அடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் இன்னும் தாயோடு ஊரில் நின்ற மிஸிஸ் சுவாங்குக்கு வீடியோவில் அடித்தார். எங்களுக்குப் பின்னேரம், அங்கே விடிந்துகொண்டிருந்தது. கிளடிஸின் ஆங்கிலம் வழக்கத்தைவிட இன்னும் உடைந்திருந்தது. “உன் அம்மாவைக் கோயில் கதவு திறக்கச் சொல். என் மகளுக்காகக் கேட்கச் சொல். உன் அம்மாதான் கேட்கவேண்டும். வேறு ஆள் வேண்டாம்.”

மிஸிஸ் சுவாங் உடனே ஆட்களைக் கூப்பிட்டார். ஃபோனை வைக்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்டது. சேவல் கூவியது. சிவப்புக் கதவு ஒன்று தெரிந்தது. மூதாட்டி நீட்டிய திறப்பு துவாரத்துக்குள் போகவில்லை. மிஸிஸ் சுவாங் உதவிக்குக் கை நீட்டினார். மூதாட்டி அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். பிறகு கதவு திறந்தது. திறப்பு கைக்கு வந்ததிலிருந்து அவர் படுக்கையைவிட்டு எழவில்லை என்றும், அவர் திறக்கட்டும் என்று ஊர் காத்திருந்தது என்றும் மிஸிஸ் சுவாங் சொன்னார். ஆக, இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவை அவர் முதன்முதலாகத் திறந்தது கிளடிஸ் கேட்டதற்காக.

உள்ளே மங்கலாக எங்கள் மாதா இருந்தார். கிளடிஸ் தைத்த நீல மேலாடையைக் காணவில்லை. சிவப்புத் துணி ஒன்று போட்டிருந்தார்கள். மூதாட்டி ஊதுபத்தி ஏற்றிவிட்டுத் திரும்பி ஏதோ கேட்டார்.

“பிள்ளைத்தாச்சியின் பெயர் என்ன என்று கேட்கிறா” என்றார் மிஸிஸ் சுவாங்.

“ஸ்டெபனி” என்றார் கிளடிஸ்.

மூதாட்டி சொல்லிப் பார்த்தார். வரவில்லை. மறுபடி சொன்னார். அந்தப் பல்லில்லாத வாயில் அது ஏதோ ஒரு பெயராக வந்தது, ஸ்டெபனி என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. மிஸிஸ் சுவாங் திருத்தப் போனார்.

“விடு” என்றார் கிளடிஸ். ஆங்கிலத்தில் அல்ல, தமிழில், எங்களுக்கும் கேட்கும்படி. “அவவுக்கு விளங்கும்.”

பிறகுதான் அவருடைய கையில் முதல் மணி நகர்ந்தது.